காட்டை உரித்த சுவருக்கு என்ன பிரைமர்?

போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பின் சேர்ந்தவள். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். டெல்லியில் மறுபடியும் வால்பேப்பர் மோகம் வந்து, அது அலுத்தும் போய், இப்போது எல்லாரும் உரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். "உரிச்ச சுவத்துக்கு எந்த பிரைமர் சொல்றதுன்னு தெரியல மேடம். கம்ப்யூட்டர் மூணு காட்டுது" என்றாள்.

"வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

சுவரைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தை விசாரிக்கிறாளே, அம்மாளுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். பிறகு நாசூக்காக, "அப்புறமா கூப்பிடறேன் மேடம்" என்று வைத்துவிட்டாள். கூப்பிடவில்லை. எனக்கோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்துவிட்டால் சொல்லி முடிக்கும்வரை சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

பெயிண்ட் கம்பெனியில் வேலை என்றால் சொந்தக்காரர்கள், "ஆபீஸ்லயா, ஃபாக்டரியிலயா?" என்பார்கள். "சுவத்துல" என்பேன். உண்மையும் அதுதான். பூசிய பெயிண்ட் கொப்பளித்தாலோ, பொருக்கு விட்டாலோ, நிறம் மங்கினாலோ வாடிக்கையாளர் கம்பெனிக்குப் புகார் செய்வார். நான் போய்ப் பார்த்து, குற்றம் பெயிண்டிலா, சுவரிலா, பூசியவரிலா என்று சொல்ல வேண்டும். திருச்சியில் வேதியியல் படித்தது, கல்யாணமாகி டெல்லிக்கு வந்தது, லேபில் ஜூனியர் கெமிஸ்டாகச் சேர்ந்து முதல் சில வருஷம் மர வார்னிஷோடு மல்லுக்கட்டியது எல்லாவற்றையும் விரித்துச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நானே அந்த வருஷங்களில் பாதித் தூக்கத்தில்தான் இருந்தேன்.

எங்கள் வீடு லக்ஷ்மிபாய் நகரில், என் கணவருக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ். ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் நான் யோசனை சொன்னேன். என் வீட்டுச் சுவருக்கு அரசாங்கம் சொன்னது. வெளிறிய மஞ்சள் டிஸ்டெம்பர், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகோடு வரும். ஊருக்குத்தான் உபதேசம் என்று என் கணவர் கேலி செய்வார்.

புகார் வீடுகளில் எனக்குப் பிடித்தது காத்திருப்பது. சுவரில் ஓரிடத்தை ஈரப்படுத்திவிட்டு அது காய்கிறவரை சும்மா இருக்க வேண்டும். சாமான்களை வெளியே எடுத்துப் போட்ட அறை. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் நான். ஜன்னலில் புறா. டெல்லி மார்கழியின் வெயில் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். காலி அறையில் நான் இருமினால்கூட வேறு யாரோ இருமியதுபோலக் கேட்கும். இது யார் வீடு, நான் எதற்கு வந்தேன், இது எந்த வருஷம் என்பதெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகும். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் பிரிவின் தலைவர் பல்லா சார். பஞ்சாபி, நெடிய உருவம். புகார் வீட்டுக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேச மாட்டார். ஒரு நாற்காலி கேட்பார். அதை அறை நடுவில் சுவரைப் பார்த்துப் போட்டு, உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்ப்பேன். சில வீடுகளில் அவர் குறட்டை விட்டதும் உண்டு. கண் திறந்ததும் எழுந்து போய், புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை வைக்க மாட்டார், உள்ளங்கை பொய் சொல்லும் என்பார். பிறகு தீர்ப்பு ஒரே வரியில் வரும். அவருக்கு ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு வரி மனப்பாடம். வால்பேப்பர் உரித்த சுவருக்கு அவர் வரி: "காகஜ் உத்ரா, தேல் லகா." காகிதம் போனால் எண்ணெய் பூசு. அதாவது எண்ணெய் கலந்த அடிப்பூச்சு, ஆயில் பிரைமர். வேறு பேச்சில்லை.

அந்த வரியில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் டெல்லி ஃபிளாட்டுகளில் ஒரு சுவர் முழுக்க இயற்கைக் காட்சி ஒட்டுவது பெரிய அந்தஸ்து. அருவி, ஏரி, வெளிநாட்டுக் காடு. வீட்டில் கூலர் இருக்கிறதோ இல்லையோ, சுவிட்சர்லாந்து இருக்கும். ஒட்டுகிறவர்கள் அடுப்பில் மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, அந்தப் பசையால் ஒட்டிவிட்டுப் போவார்கள். காகிதத்தை உரித்துவிடலாம், பசையை உரிக்க முடியாது. அது சுவரின் பூச்சுக்குள் இறங்கியிருக்கும். அதன்மேல் தண்ணீர் கலந்த பிரைமரைப் பூசினால், செத்துக் கிடந்த பசை ஈரம் பட்டு எழுந்துகொள்ளும். பிரைமர் காயும்போது அதையும் இழுத்துக்கொண்டு வெடிக்கும். ஆயில் பிரைமரில் தண்ணீர் இல்லை. பசை தூங்குகிறபடியே தூங்கும்.

ஒரே ஒரு வீட்டில் நான் அந்த வரியை மீறினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி, தீபாவளி நெருங்கும் சமயம். ஜனக்புரியில் ஒரு தமிழ்க் குடும்பம் புகார் செய்திருந்தது. ஹாலில் வால்பேப்பரை உரித்துவிட்டு எங்கள் தண்ணீர் பிரைமரை அடித்திருந்தார்கள். அது காய்ந்த ஏரிபோல வெடித்திருந்தது. என்னை வரவேற்றது வீட்டுப் பெண் கோமதி. பாங்கில் வேலை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் நடுநடுவே தடுக்கி ஹிந்தியில் விழுவாள். அவளுடைய அம்மா செண்பகம் காபி கொண்டுவந்தார். இது மைதாவின் வேலை, பெயிண்டின் குற்றமில்லை, சுரண்டிவிட்டு ஆயில் பிரைமர் அடியுங்கள் என்று நான் பல்லா சார் மாதிரியே சொல்லிவிட்டு எழுந்தேன்.

அப்போது உள்ளறையிலிருந்து விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. விசில் இல்லை, மூச்சு.

"அப்பா" என்றாள் கோமதி. "ஆன்ட்டி, அப்பாக்கு சாஸ் வாங்க ரொம்ப கஷ்டமா இருக்கு." மூச்சைத்தான் ஹிந்தியில் சாஸ் என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி ஒரு மனிதர். சங்கரலிங்கம், மத்திய அரசாங்க ஆபீஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு காடு. செக்கச்சிவந்த இலைகளோடு நெடிய மரங்கள், நடுவே ஒற்றையடிப் பாதை, அது தூரத்தில் வளைந்து மறைந்தது. இலைகள் உதிர்ந்து பாதை மூடியிருந்தது. நல்ல படம்தான். ஆனால் அறைக்குள் காலை வைத்ததும் எனக்கு நனைந்த மூட்டையின் வாடை அடித்தது. காட்டின் அடிப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள். காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். பின்னால் பூஞ்சை, மைபோல.

"எந்த ஊரும்மா நீங்க?" என்றார் அவர்.

"திருச்சி சார்."

"நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம். டெல்லிக்கு வந்து காலம் ஆயிட்டு." மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்த அறைய விட்டு வெளிய போயி எத்தனையோ மாசம் ஆச்சு. ஆனா தெனமும் சாயங்காலம் நடக்கேன், பாத்துக்கிடுங்க. அந்தப் பாதையிலதான். அந்தா வளையுதுல்லா, அங்கன வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன். அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு இன்னும் பாக்கல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் அந்தப் பாதையைத் திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே நடக்கத் தோன்றியது.

"சார், இந்தப் பேப்பர் பின்னாடி பூஞ்சை பிடிச்சிருக்கு. இதை எடுத்தாத்தான் உங்க மூச்சுக்கு நல்லது."

அவர் முகம் மாறிவிட்டது. "காட்ட வெட்டவா வந்திய?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செண்பகம் அம்மா வாசல்வரை வந்து, "அவிய சொன்னா கேக்க மாட்டாவ. என்னத்தச் சொல்ல" என்றார். நானும் கிளம்பிவிட்டேன். புகார் ஹால் சுவரைப் பற்றித்தான், மற்றது என் வேலையில்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மூச்சுச் சத்தம் லக்ஷ்மிபாய் நகர் வரை கூடவே வந்தது.

தீபாவளி முடிந்து, வானத்தில் புகை படுத்துக் கிடந்த வாரத்தில் கோமதி ஆபீஸுக்குப் போன் செய்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த அறைக்குத் திருப்பி அனுப்ப முடியாது, மறுபடி இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரோ, செத்தாலும் என் அறையில்தான் என்கிறார். "ஜல்தி ஏதாவது பண்ணணும் ஆன்ட்டி. இந்த வாரம் முடியறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." அவள் அழுதாளா, ஜலதோஷமா என்று தெரியவில்லை.

இஸ்ரார் பாய் என்ற பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் கம்பெனி வேலைகளை நிறைய செய்தவர், நிதானமான கை. காகிதத்தில் கத்தியால் கீறல் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து பஞ்சால் ஒற்றினோம். ஊறவிட்டு, தட்டைத் தகட்டை மெல்ல உள்ளே விட்டு இழுத்தோம். காடு பெரிய பெரிய துண்டுகளாக வந்தது. மரங்கள் நடுவில் முறிந்தன. செண்பகம் அம்மா அங்கே நிற்காமல் சமையலறைக்குப் போய்விட்டார். பாதையின் வளைவு இருந்த துண்டை இஸ்ரார் பாய் உரித்தபோது நானும் கொஞ்சம் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலால் பூஞ்சையைக் கழுவினோம். வெந்நீரால் பசையைத் துடைத்தோம், தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றினோம். காய்ந்ததும் அந்த வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து டிங்ச்சர் அயோடினை வாங்கி, பஞ்சில் நனைத்துச் சுவரில் அங்கங்கே தொட்டேன். மாவுப் பொருள் இருந்தால் அயோடின் நீலமாகும், பள்ளிக்கூடப் பாடம்தான். சுவர் நெடுக நீலமும் ஊதாவுமாகப் பூத்தது. மறுபடி கழுவினோம், மறுபடி பூத்தது. சுவரின் பூச்சோ மெத்தென்று இருந்தது. இன்னும் தேய்த்தால் பசையோடு சுவரும் வந்துவிடும். நான் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து அந்த ஊதாப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இஸ்ரார் பாய் பீடி குடித்துவிட்டு வந்து, "மேடம்ஜி, சோ கயீ க்யா?" என்று கேட்டார். தூங்கிவிட்டேனா என்று.

தூங்கவில்லை. என் முன்னால் ஒரு முடிச்சு இருந்தது. பசை இருக்கிறது, ஆகவே தண்ணீர் பிரைமர் கூடாது. ஆயில் பிரைமர் அடித்தால் டர்பன்டைன் நெடி அறையில் நாள்கணக்கில் நிற்கும். ஜன்னலைத் திறந்து போக்கலாமென்றால் வெளியே அதைவிட மோசமான புகை. அந்த நெடியில் நல்ல மனிதனுக்கே நெஞ்சு அடைக்கும். ஆபீஸுக்குப் போய்ப் பல்லா சாரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "காகஜ் உத்ரா, தேல் லகா" என்றார். "மனுஷன் வாழணுமே சார்" என்றேன். "நாம சுவருக்கு வைத்தியர்கள்" என்றார் ஹிந்தியில்.

மர வார்னிஷ் பிரிவில் தூங்கி வழிந்த வருஷங்கள் அன்றைக்குத்தான் கைகொடுத்தன. தேவதாரு மரத்தில் கணு இருந்தால் பிசின் கசிந்து பெயிண்டைக் கெடுக்கும். கணுவின் மேல் அவலரக்கை, அதாவது மெல்லிய தகடுகளாக விற்கும் அரக்கை, ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசிவிட்டால் கசிவு அதோடு நிற்கும். ஸ்பிரிட் நெடி சீக்கிரமே ஓடிவிடும், மறுநாள் முகர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிசினை அடைக்கும் அரக்கு பசையை அடைக்காதா? அதன் மேல் லேசாக உப்புத்தாள் தேய்த்துவிட்டுத் தண்ணீர் பிரைமரையே அடிக்கலாம். கீழே இருக்கும் பசைக்கு மேலே தண்ணீர் வந்ததே தெரியாது. சுவரில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் கம்பெனி அரக்கு விற்பதும் இல்லை. சொதப்பினால், அரக்கும் பேரும் என்னுடையவை.

சாயங்காலமே கோமதிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வேலை ஆரம்பிக்கணும். ஸ்பிரிட் இஸ்ரார் பாய் கொண்டுவருவார். அவலரக்கு மட்டும் நீ வாங்கி வெச்சிடு. பக்கத்துல கிடைக்குமா?"

"அச்சா ஆன்ட்டி, நம்ம லாலா கடையிலயே இருக்கு."

மளிகைக் கடையில் அரக்கா என்று எனக்கு ஆச்சரியம். டெல்லியில் எந்த லாலா எதை விற்பார் என்று யார் கண்டது. "கட்டியா இருந்தா வேண்டாம். மெல்லிசா, தகடு தகடா இருக்கணும்."

"பத்லா வாலா தானே? தெரியும் ஆன்ட்டி."

"அதேதான். நாளைக்கு முழுக்க ஊற வெக்கணும், அதனால காலையிலயே தயாரா இருக்கட்டும்."

"அவ்ளோ நேரமா?" என்றவள், பெரியவர்கள் சொன்னால் காரணமிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் போனால் காட்டைப் பறிகொடுத்த அறையின் நடுவில், சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில், புடைத்து, தூசி தட்டி, மெல்லிய அவல். வெள்ளை வெளேரென்று. போஹா. நான் "அவலரக்கு" என்றதில் கோமதியின் காதில் விழுந்தது "அவல்" மட்டும்தான்.

"ஏம்மா, சுவத்துல யாராவது அவலைப் பூசுவாங்களா?"

"மைதா பூசியிருக்காங்களே ஆன்ட்டி" என்றாள் அவள் பாவமாக. இஸ்ரார் பாய் ஸ்பிரிட் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவலரக்கை ஹிந்தியில் சப்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தமிழ்ப் பெண்ணிடம் தமிழ் பேசியதற்கு இந்தத் தண்டனை. இஸ்ரார் பாய் ஹார்டுவேர் கடைத்தெருவுக்குப் போய் நிஜ அரக்கை வாங்கிவந்து ஊறவைத்தார். அது கரைய மறுநாள் ஆகும். ஒரு நாள் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

செண்பகம் அம்மாதான் அசரவில்லை. "அவலு வந்துட்டுல்லா, அத ஏன் விடணும்" என்று கடுகு, பச்சைமிளகாய் தாளித்து எல்லோருக்கும் உப்புமா கிண்டிவிட்டார். நாங்கள் தட்டும் கையுமாக இருந்தபோது வாசல் மணி அடித்தது. பல்லா சார். நான் அரக்கு வாங்கச் சொன்ன செய்தி ஆபீஸில் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

உள்ளே வந்தார். யாரிடமும் பேசவில்லை. நாற்காலி கேட்டார். உப்புமாத் தட்டை வாங்கிக்கொண்டார், அதை மறுக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினார். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "சுவர் என்ன மேஜையா, அரக்கு பூச?" என்று கேட்பார், அதற்கு என்ன சொல்லலாம் என்று நான் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. மத்தியான வெயில் மங்கலாக உள்ளே வந்து அவர் காலடியில் படுத்திருந்தது. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"கோயி நஹா ரஹா ஹை" என்றார், கண் திறக்காமல்.

யாரோ குளிக்கிறார்கள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் காதை வைத்தேன். வெகு தூரத்தில், கனவில் மழை பெய்கிற மாதிரி, தண்ணீர் விழும் சத்தம். கோமதி சட்டென்று சொன்னாள், பக்கத்து ஃபிளாட்காரர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், காலையில்தான் திரும்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குளியலறை. பல்லா சார் எழுந்து குனிந்து, மூலையில் தரையை ஒட்டிப் புறங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது. அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் காய்ந்து கிடந்த சுவர், கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வந்தது.

அன்று காலையிலேயே அரக்கு கிடைத்திருந்தால், அதை ஊறவைத்துவிட்டு அப்போதே கிளம்பியிருப்போம், மறுநாள் விடிந்ததும் மூலையைப் பார்க்காமலே பூசியிருப்போம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். அரக்கு உப்பிக்கொள்ளும், பூஞ்சையும் திரும்ப வரும், அதே அறையில், அதே மனிதரின் மூச்சில். ஒரு பாத்திரம் அவல் அதைத் தடுத்திருக்கிறது.

பக்கத்து வீட்டு சர்தார்ஜி நல்ல மனிதர். பிளம்பரை வரவழைத்தார், சுவருக்குள் குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. சரிசெய்யும்வரை அந்தக் குளியலறையைப் பூட்டிவிட்டார். இத்தனை வருஷம் பூஞ்சைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நாங்கள்தானா என்று அவர் மனைவி கண்கலங்கினார்.

ஆனால் பிரைமர் விஷயம் தீரவில்லை. பல்லா சார் கிளம்பும்முன் என்னிடம், "யார் நோயாளி?" என்று கேட்டார். மறைப்பு போட்டு மூலைக்குத் தள்ளியிருந்த கட்டிலைக் காட்டினேன். அவர் ஷூவைக் கழற்றினார். கட்டிலில் ஏறி, தலையணையில் தலை வைத்துப் படுத்துவிட்டார். செண்பகம் அம்மா திகைத்துப் போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பல்லா சார் அங்கிருந்து சுவரைப் பார்த்தார். வழக்கம்போல் கண்ணை மூடவில்லை, திறந்த கண்ணோடு பார்த்தார்.

"இங்கேர்ந்து பார்த்தா சுவரைத் தவிர வேற ஒண்ணும் தெரியலை" என்றார் ஹிந்தியில். எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "ரிப்போர்ட்டில் அரக்கு என்று எழுதாதே. தகுந்த அடைப்புப் பூச்சு என்று எழுது" என்றார். அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் பிறகு போகவேயில்லை.

மூலையில் ஈரம் காயும்வரை பல்பு போட்டுச் சூடு காட்டினோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு அரக்கு பூசவில்லை. அந்தப் பகுதி மூச்சு விடட்டும் என்று வெறும் சுண்ணாம்பு அடித்தோம். மேலே அரக்கு. இஸ்ரார் பாய் அகலத் தூரிகையால் ஒரே வீச்சாக இழுக்க இழுக்க, சுவர் தேன் நிறத்துக்கு மாறியது. விளக்கு வெளிச்சத்தில் அறையே பழுத்ததுபோல இருந்தது. ஓரத்தில் தண்ணீர் பிரைமரைத் தொட்டு வைத்துவிட்டு நான் வாளியில் உட்கார்ந்தேன். காய்ந்தது. வெடிக்கவில்லை. நகத்தால் கீறினேன். வரவில்லை. பிறகுதான் அரக்கு பூசிய இடம் முழுக்க அடித்தோம். நெடி போக ஒரு நாள் விட்டோம். நான் வாசலில் நின்று மோந்து மோந்து பார்த்ததை வைத்து கோமதி என்னை அன்று முழுக்கக் கேலி செய்தாள்.

சங்கரலிங்கம் சாரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நான் இருக்க வேண்டாமென்று நினைத்தேன், செண்பகம் அம்மா விடவில்லை. கட்டிலில் சாய்த்தார்கள். எல்லோரும் அவர் மூச்சைக் கேட்டோம். விசில் இல்லை. அவர் சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர். கோமதி என் பக்கம் திரும்பவேயில்லை.

"எல்லாம் உதுந்துட்டா?" என்றார் மெதுவாக.

காட்டை அழித்தவள் நான்தான்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கப்புறம் பனி பேஞ்சிருக்கு போல" என்றார்.

இது பிரைமர்தான் சார், அடிப்பூச்சு, இதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிரைமரை அப்படியே விடக் கூடாது, அழுக்குப் பிடிக்கும், பொலிவு போய்விடும் என்று என் கம்பெனி புத்தியில் அடுக்கினேன்.

"பனிக்காலத்துல யாராவது இலைக்கு அவசரப்படுவாவளா?" என்றார். "இருக்கட்டும். நடந்து பாக்கேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. நானும் செய்யவில்லை, பயம்தான். ஜனவரிப் பனிமூட்டத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அந்த வெள்ளைக்குள் ஒரு மனிதர் மெல்ல நடந்துபோவதுபோல எனக்குத் தோன்றும். எங்கே போகிறார், திரும்பி வருவாரா என்று தெரியாது.

ஹோலி முடிந்த ஒரு காலையில் கோமதி பேசினாள். "ஆன்ட்டி, அப்பா கேக்கறாங்க. உங்க கம்பெனில தளிர்ப் பச்சை இருக்கா? தளிர்னா என்ன, ஹரா தானே? கரெக்டா சொல்லுன்னாங்க, தளிர்." அந்தச் சொல்லை இந்தத் தடவை அவள் பத்திரமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

ஷேடு கார்டில் பச்சை எத்தனையோ இருந்தது. போனில் சொல்லி முடிகிற காரியமில்லை என்று கார்டை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறிப் போனேன். மணியை அடித்துவிட்டு நின்றேன். உள்ளே யாரும் வருகிற சத்தமில்லை. மறுபடி அடிக்கலாமா என்று கை நீட்டியபோது, காலைத் தேய்த்துத் தேய்த்து யாரோ நடந்து வருவது கேட்டது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தது. தாழ்ப்பாள் விலகியது. நிலையைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துப்போய், கதவைத் திறந்தது அவர்தான்.